ஓங்குக என்று சொல்லப் பல் வேண்டாம்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் தம்பி, அதற்கு ஒரு கால் ஆடுகிறது. இப்படி பெஞ்சுக்கு வாருங்கள். நீங்கள் பதினேழாம் கட்டில்தானே? தென்னையிலிருந்து விழுந்த மச்சானுக்குத் துணைக்கு வந்திருப்பவர். நேற்று நீங்கள் அவருக்குக் கஞ்சி ஊட்டியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பதினாறு.

இல்லை, நான் நோயாளி இல்லை. பதினாறில் படுத்திருப்பவன் செங்கோடன். வயிற்றில் துப்பாக்கிக் குண்டு. ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கிக் கிளப்பில் நடந்தது. பேப்பரில் நாலு வரி வந்திருந்தது, பார்த்தீர்களா? குண்டடி பட்டவன் பெயரைச் செங்குட்டுவன் என்று தப்பாகப் போட்டிருந்தார்கள். சுட்டவர் பெயரை மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள். வையாபுரி. அது நான்தான்.

எழுந்திருக்காதீர்கள். துப்பாக்கி இப்போது என்னிடம் இல்லை, ஸ்டேஷனில் இருக்கிறது.

அதோ டாக்டர் அறையில் நிற்கிறாரே, காக்கி, அந்த எஸ்.ஐ. அம்மாதான் வழக்கைப் பார்க்கிறார். நோயாளி பேசும் நிலையில் இருக்கிறான் என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் உள்ளே போய் செங்கோடனிடம் வாக்குமூலம் வாங்குவார். அவன் என்ன சொல்கிறானோ அதுதான் வழக்கு. கை தவறி நடந்தது என்றால் ஒரு பிரிவு. அண்ணன் என்னைப் பார்த்துத் திரும்பினார், சுட்டார் என்றால் வேறு பிரிவு, கொலை முயற்சி.

ஜெயிலுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பதினொரு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாசல்வரை கோஷம் போட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எந்தப் பிரிவில் போகிறேன் என்பதுதான் எனக்கு முக்கியம். சட்டவிரோதமாகக் கூடியதற்காகப் போகலாம். அதிகாரியைத் தடுத்ததற்காகப் போகலாம். தொழிலாளியைச் சுட்டதற்காக மட்டும் போக முடியாது தம்பி. ஐம்பது வருஷத்துப் பெயர். நான் எதிர்த்து மனுப் போட்ட குவாரிக்காரர்கள் இந்நேரம் நோட்டீசுக்கு வாசகம் எழுதி வைத்திருப்பார்கள். நானாக இருந்தால் எழுதி வைத்திருப்பேன்.

அவன் சரியாகத்தான் சொல்வான். கட்டுப்பாடானவன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

வெள்ளைக்கல் சுரங்கம் ஒன்று இருந்தது, தனியார் சுரங்கம். இப்போது மூடிவிட்டார்கள். சங்கத்துக்கு நான் செயலாளர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்தேன். கூலி என்றால் என்ன, லாபம் என்றால் என்ன, எட்டு மணி நேரம் எப்படி வந்தது, எல்லாம் எட்டுப் பக்கத்துக்குள் இருக்கும். படித்ததை அன்று சாயந்திரமே கூட்டத்தில் சொல்வேன். செங்கோடன் கல் உடைக்கிறவன். என்னைவிட ஐந்து வயது சின்னவன். எழுத்துத் தெரியாது. அவனுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சரி, எழுத வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தொன்பதில் வேலைநிறுத்தம். மூன்று மாதம் ஒரு கல் வெளியே போகவில்லை. மாதப்பன் என்று ஒரு காண்டிராக்டர். ஒருநாள் விடியற்காலை இரண்டு லாரியில் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தான். கூடவே முப்பது அடியாட்கள். கடப்பாரை, சைக்கிள் செயின், இரும்புக் குழாய். வாசலில் எங்கள் ஆட்கள் அறுபது பேர், பாதிப் பேர் பெண்கள். செங்கோடன் போய் முதல் லாரிக்கு முன்னால் மல்லாந்து படுத்துக்கொண்டான். லாரி அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மாதப்பன் இறங்கி வந்தான். இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் செங்கோடன் வாய்க்குள் திணித்து, 'இப்ப போடுறா கோஷம்' என்றான்.

வாயில் இரும்பு இருக்கும்போது எப்படிப் போடுவான்? சத்தம் மட்டும் வந்ததாம். மாதப்பன் துப்பாக்கியை வெளியே உருவி அதன் பிடியைக் கொண்டே அடித்தான். ஒரு முறை அல்ல. மேல்வரிசை முன்பல் நாலும் உள்ளே போய்விட்டன. அதற்குள் கடப்பாரை இறங்கிவிட்டது. சடையன் என்று ஒருவர், வெடிமருந்துக் கிடங்குக் காவல்காரர், தலை இரண்டாகப் பிளந்து அங்கேயே போனார். ஒரு பெண்ணின் விரல்கள் செயினில் சிக்கிக் கையோடு இல்லாமல் வந்தன. அந்த வாசலில் வெள்ளைக்கல் தூள் எப்போதும் மாவு கொட்டியதுபோல் கிடக்கும். அன்று அதில் நடந்தால் கால் ஒட்டியது என்றார்கள். நாங்கள் அப்படி அடிபட்டோம்.

எனக்கா? எனக்கு எங்கும் படவில்லை. நீங்களும் அந்த எஸ்.ஐ. அம்மா மாதிரியே கேட்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில், "நாங்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது எங்களுக்குக் குண்டு பட்டது" என்றேன். "உங்களுக்கு எங்க பட்டுச்சு ஐயா, காட்டுங்க" என்றார். சங்கத்தில் இருந்தால் நாங்கள் என்றுதான் வாயில் வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது புரியாது.

அன்று காலை நான் டவுனில் அச்சகத்தில் இருந்தேன். மறுநாளுக்கான நோட்டீஸ் அச்சாகிக்கொண்டிருந்தது. சேதி வந்ததும் கிளம்பத்தான் பார்த்தேன். ஆனால் தலைமை பிடிபட்டால் போராட்டமே பிடிபட்ட மாதிரி. அதனால் இரண்டு நாள் அங்கேயே தங்கி, அச்சுக் கோத்ததைக் கலைத்துப் புதிதாக எழுதினேன். 'நாங்கள் இரத்தம் சிந்தினோம்' என்று தலைப்பு. படித்தவர்கள் அழுதார்கள். செங்கோடனுக்கு ஆஸ்பத்திரியில் நானே படித்துக் காட்டினேன். வாய் முழுக்கப் பஞ்சு. தலையை ஆட்டினான்.

பல் போனதால் அதற்குப் பிறகு அவனால் 'தொழிலாளர்' என்று சொல்ல முடியவில்லை. 'த' வராது, காற்று வரும். சின்னப் பையன்கள் சிரித்தார்கள். நான் யோசித்தேன். கோஷத்தில் முதல் பாதி தலைவர் சொல்வது, இரண்டாம் பாதி கூட்டம் சொல்வது. 'தொழிலாளர் ஒற்றுமை' என்பது முதல் பாதி, 'ஓங்குக' என்பது இரண்டாம் பாதி. சொல்லிப் பாருங்கள். ஓங்குக. பல்லில் எங்காவது படுகிறதா? படாது. எல்லாம் தொண்டையில் நடக்கிறது. "செங்கோடா, இனி இரண்டாம் பாதி உன்னுடையது. ஓங்குக என்று சொல்லப் பல் வேண்டாம்" என்றேன். அன்றிலிருந்து கூட்டத்துக்கு முன்னால் நின்று அவன்தான் ஓங்குக. நான் முதல் பாதி. கை இருவருக்கும் பொது. அவன் 'ஓ' என்று எடுக்கும்போது என் முஷ்டி இடுப்பிலிருந்து கிளம்பிவிடும். கிளம்பும்போதே விரல் ஐந்தும் இறுகிவிடும். இதை மறக்காதீர்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

மாதப்பன் வழக்கா? சாட்சி இல்லை என்று விடுதலையானான். செங்கோடனுக்கு நான் எழுதிக் கொடுத்த சாட்சியம் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் நீளம். குறுக்கு விசாரணையில் அவனாக ஒரு வார்த்தை சேர்த்துக் கெடுத்துவிட்டான். "செயலாளர் எங்கே இருந்தார்" என்று வக்கீல் கேட்டதற்கு, "அவரு அங்க இல்லைங்க" என்றான். நாங்கள் அங்கே இருந்தோம் என்று என் அறிக்கையில் இருக்கிறது. அதை வைத்துக் கிழித்துவிட்டார்கள். நான் அவனை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

எஸ்.ஐ. அம்மா கிளம்பிவிட்டார். கையெழுத்து ஆகிவிட்டது போலிருக்கிறது. உள்ளே போகிறார். திரையை இழுக்கிறார்கள். நல்லம்மாவை, அவன் சம்சாரத்தை, உள்ளேயே இருக்க விட்டுவிட்டார்கள். என்னை வார்டு வாசலுக்கே விடுவதில்லை, சாட்சியைக் கலைப்பேனாம். நான் கலைக்கிறவன் இல்லை தம்பி. ஒழுங்குபடுத்துகிறவன்.

துப்பாக்கிக்கு வருகிறேன்.

மாதப்பன் வகையறாவுக்கு இப்போது கருங்கல் குவாரி. அனுமதி ஒரு குன்றுக்கு, வெட்டுவது மூன்று குன்று. நானும் பொன்னுரங்கம் என்று ஒரு ஓய்வு பெற்ற வாத்தியாரும் மனுப் போட்டோம். ஒருநாள் காலை அவர் பால் வாங்க வெளியே வந்தவரை டிப்பர் லாரி அவர் வீட்டுக் கேட்டோடு சேர்த்து அழுத்திவிட்டது. கேட்டுக் கம்பியிலிருந்து அவரைப் பிரித்து எடுக்க வெல்டிங்காரர் வர வேண்டியிருந்தது. நான் பார்த்தேன். பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தார். அதன் பிறகு கோர்ட்டுக்குப் போய் எனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டேன். ஆறு வருஷம் ஆயிற்று. கொடுத்தார்கள்.

துப்பாக்கிக் கடையில் புதிதெல்லாம் நம் கைக்கு எட்டாது. பழையது ஒன்று கிடந்தது. வெளிநாட்டுச் சரக்கு, பக்கமெல்லாம் கீறல், வாங்க ஆள் இல்லை. லைசென்ஸ்காரர் இறந்து, பிள்ளைகள் வேண்டாம் என்று கடையில் ஒப்படைத்தது. கைமாற்றுப் பாரத்தில் பழைய சொந்தக்காரர் பெயர் இருக்குமல்லவா, படித்தேன். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் முகம் அப்படி ஆகியிருந்ததாம். தம்பி, மாதப்பன் பெயர். அதே மாதப்பன். அதே துப்பாக்கி. பிடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலை உடைந்திருந்தது. செங்கோடன் பல்லில் உடைந்ததாகத்தான் இருக்கும்.

கடைக்காரர் ஒன்று சொன்னார். "ஐயா, இதுல விசை ரொம்ப லேசுங்க. யாரோ அரம் போட்டுத் தேச்சிருக்காங்க. ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க, சரி பண்ணித் தரேன்." எனக்கு உடனே புரிந்தது. முதலாளி விரல் அல்லவா, உழைக்காத விரல், அதற்கு வலிக்கக் கூடாது என்று தேய்த்திருக்கிறான். என் விரலுக்கு அது தேவையில்லை, ஆனால் ஒரு வாரம் விட முடியாது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாசல் சண்டையின் நினைவு நாள். வருஷா வருஷம் நினைவேந்தல் நடத்துவோம். முதல் வருஷம் ஆயிரம் பேர். போன வருஷம் நாலு பேர், அதில் ஒருவர் மைக் செட்காரர். இந்த வருஷம் நானும் செங்கோடனும்தான். மைக்குக்கு வழியில்லை. துப்பாக்கி இருந்தது.

அவன் வரமாட்டேன் என்றான். இரண்டு எருமை வைத்திருக்கிறான். "மூணு மணிக்குக் கறக்கணும்ணா" என்றான். "மூன்று மணிக்குள் வந்துவிடலாம், உன் பல்லை உடைத்தது என் கையில் குரைக்கப் போகிறது, நீ பார்க்க வேண்டாமா" என்றேன். துப்பாக்கியை மேசைமேல் வைத்து, தொட்டுப் பார் என்றேன். தொடவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உணர்ச்சிவசப்பட்டான்.

துப்பாக்கிக் கிளப் மலையடிவாரத்தில். தகரக் கொட்டகை, எதிரே மண்மேடு, அதன்முன் இலக்குத் தாள். பின்னால் தரையில் மஞ்சள் கோடு. சுடாதவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. பயிற்சியாளர் ராயப்பன், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். நான் ஒரு போஸ்டர் கொண்டுபோயிருந்தேன். மாதப்பன் செத்தபோது ஊரெல்லாம் ஒட்டினார்களே, கண்ணீர் அஞ்சலி, அதில் ஒன்று. இலக்குத் தாள்மேல் ஒட்டச் சொன்னேன்.

"ஆள் படம் வைக்கக் கூடாதுங்க. கிளப்புல விடமாட்டாங்க" என்றார் ராயப்பன்.

செங்கோடன் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, "செத்தவனை எத்தனை தடவைண்ணா சுடுவீங்க" என்றான்.

ராயப்பன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போஸ்டரை மடித்து வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்பு வட்டத்தில் அவன் முகத்தை நானே மனதில் ஒட்டிக்கொண்டேன். மூக்கு எங்கே, மேல்வரிசைப் பல் எங்கே என்று இடம் குறித்துக்கொண்டேன். அதற்கு எனக்குப் போஸ்டர் தேவையில்லை.

ராயப்பன் ஆரம்பித்தார். "லோடுன்னா தோட்டா ஏத்தணும். ஃபயர்னா சுடணும். ஸ்டாப்புன்னு சொன்னா, எப்படி நிக்கிறீங்களோ அப்படியே நின்னுடணும்." நான் நிறுத்தினேன். சுரங்கத்தில் அறிவிப்புப் பலகை தமிழில் வேண்டும் என்று பதினேழு நாள் பட்டினி கிடந்தவன் நான். "கட்டளையைத் தமிழில் சொல்லுங்கள்" என்றேன். பாவம், மனிதர் சங்கடப்பட்டார். "சரிங்க. ஏத்துங்க, சுடுங்க, நிறுத்துங்க. போதுங்களா?" போதும் என்றேன்.

அப்புறம் இன்னொன்று சொன்னார். "இந்தத் துப்பாக்கி ஒண்ணு வெடிச்சா அடுத்தது தானா ஏறி நிக்கும். விசை வேற பூ மாதிரி இருக்கு. சுட்டதும் விரலை வெளிய எடுத்துடுங்க ஐயா." மூன்று தடவை சொன்னார். ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. மேடையில் நான் சொல்வேன், அது வேறு.

முதல் ஐந்து தோட்டா. ஒன்றும் தாளில் படவில்லை. இடதுபக்கம் மண்ணில் போயிற்று. கைக்குள் ஒவ்வொரு முறையும் ஏதோ பல்லியைப் பிடித்ததுபோல் துள்ளியது. "புடுங்காதீங்க, அமுக்குங்க" என்றார் ராயப்பன். இரண்டாவது ஐந்து. தாளின் ஓரம் ஒன்று கிழிந்தது. துப்பாக்கி சரியில்லை என்றேன். அவர் வாங்கி ஒன்று சுட்டார். நடுவில் போய் உட்கார்ந்தது. ராணுவத்தில் முப்பது வருஷம் கூலிக்குச் சுட்டவர், அது வேறு.

பின்னால் செங்கோடன், "போலாம்ணா" என்றான்.

"இன்னும் ஐந்துதான்."

"எருமை கத்தும்ணா."

கத்தட்டும் என்றேன். எனக்கு மாதப்பன் தெரிய ஆரம்பித்திருந்தான் தம்பி. உண்மையாகவே. அந்த வட்டத்தில் அவன் மூச்சு விடுவதுபோல் இருந்தது. முப்பத்தைந்து வருஷமாகத் தினம் நான் அவனைக் கொன்றிருக்கிறேன். கிணற்றில் தள்ளியிருக்கிறேன். வெடி வைத்த பாறைமேல் கட்டியிருக்கிறேன். சடையனைப் பிளந்த கடப்பாரையாலேயே பிளந்திருக்கிறேன். பல் துலக்கும்போதுகூட. இப்போது கையில் அவன் துப்பாக்கியே இருக்கிறது. மூன்றாவது ஐந்தில் முதல் தோட்டா. அமுக்கினேன். கறுப்பில், சரியாகக் கறுப்பில், வாய் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. பின்னால் இருந்த மண் அதன் வழியே தெரிந்தது.

அப்போதுதான் அவன் கோஷம் போட்டான். செங்கோடன். 'ஓங்குக' என்றான். என் கை போயிற்று. ஐம்பது வருஷத்துப் பழக்கம், கையைக் கேட்டா போகும்?

என்ன? முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதி எப்படி வரும் என்கிறீர்களா?

கேள்வி சரிதான். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? பஸ் கண்டக்டரா. அதுதான்.

சரி. முதல் பாதி நான் சொன்னேன். திரும்பி, கூட்டத்தைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்து, 'தொழிலாளர் ஒற்றுமை' என்றேன். மைக் இல்லாமலே கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சொல்லிவிட்டு அவனுடைய பாதிக்கு இடம் விட்டேன். அவன் சொல்லவில்லை. உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை தம்பி. முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறை. அவன் சொல்லாவிட்டாலும் கை கிளம்பிவிட்டது. இடுப்பிலிருந்து கிளம்பும்போதே விரல் ஐந்தும் இறுகிவிடும் என்றேனே. அவன் சொல்ல வேண்டிய இடத்தில் துப்பாக்கி சொல்லிவிட்டது.

நான் திரும்பும்போதே ராயப்பன் 'ஸ்டாப்' என்று கத்தினார். இங்கிலீஷில். நிறுத்துங்க என்றுதானே பேச்சு? அவர் தமிழில் சொல்லியிருந்தால் என் கை நின்றிருக்கும். இதையும் ஸ்டேஷனில் சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை.

செங்கோடன் விழவில்லை. நாற்காலியிலேயே இருந்தான். வெள்ளைச் சட்டை. தொப்புளுக்கு மேலே ஒரு பொத்தான் அளவு சிவப்பு, பிறகு ஒரு தட்டு அளவு. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் பொங்கியது. நாற்காலிக்கு அடியில் ஒழுகி மஞ்சள் கோட்டைத் தொட்டு அதன்மேலேயே ஓடியது. எனக்கு இன்னும் கை உயரத்தில்தான் இருந்தது. ராயப்பன் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கித் துப்பாக்கியைப் பிடுங்கினார். இரண்டு நாளாகிறது, பாருங்கள், இன்னும் வீங்கியிருக்கிறது.

ராயப்பன் தன் பனியனைக் கழற்றி வயிற்றில் அடைத்தார். கிளப் ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தோம். அவன் தலை என் மடியில். குழியில் ஜீப் இறங்கும்போதெல்லாம் பனியனிலிருந்து பிழிந்ததுபோல் வந்தது. வழி இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தை நான் வீணாக்கவில்லை. அவனுக்கு வாக்குமூலம் சொல்லிக்கொடுத்தேன். "செங்கோடா, கேள். நீயாக எழுந்து மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தாய். கால் தடுக்கிற்று. என் முழங்கையைப் பிடித்தாய். அதனால் வெடித்தது. சொல்லு." சொன்னான். கோட்டைத் தாண்டினதை விட்டுவிட்டான். மறுபடி சொல் என்றேன். மறுபடி சொன்னான். மூன்றாவது முறை வாயில் இரத்தம் வந்துவிட்டது, என் வேட்டியெல்லாம். அப்போதும் சரியாகச் சொன்னான். அப்புறம், "போதும்ணா, மனப்பாடமாயிருச்சு" என்றான்.

இந்த மாதிரி ஆள் இனி கிடையாது தம்பி. குடல் இரண்டு இடத்தில் ஓட்டை. ஒரு முழம் வெட்டி எடுத்தார்களாம். பிழைத்தாலும் வயிற்றுக்கு வெளியே மலப் பையோடுதான் இருக்க வேண்டும், அதுவும் சீழ் பிடிக்காமல் இருந்தால். இன்னும் இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

திரை விலகுகிறது. எஸ்.ஐ. அம்மா வருகிறார். நீங்கள் பேசாமல் இருங்கள்.

பார்த்தீர்களா, என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார். இது நல்லதா கெட்டதா? அம்மா, என்ன ஆயிற்று அம்மா? "சம்மன் வரும், வீட்ல இருங்க ஐயா" என்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முன்பெல்லாம் போலீஸ்காரர்கள் முகத்தில் தெரியும்.

நல்லம்மா வருகிறாள், இருங்கள். நல்லம்மா, சொன்னானா?

கேட்டீர்களா அவள் சொன்னதை? "சொல்லிட்டாருங்க. நீங்க சொன்னபடியே. கோட்டைத் தாண்டுனது, தடுக்குனது, கையைப் புடிச்சது. ஒரு வார்த்தை விடல. கையெழுத்தும் போட்டுட்டாரு."

பார்த்தீர்களா. நான் சொல்லவில்லை? ஒரு முழம் குடல் போயும் ஒரு வார்த்தை போகவில்லை. இதைத்தான் கட்டுப்பாடு என்பது. இனி அவர்கள் நோட்டீஸ் அடிக்க முடியாது. அடித்தால் வாக்குமூலத்தின் நகலை நான் அடிப்பேன். எனக்கு இப்போதுதான் மூச்சு வருகிறது தம்பி. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

இன்னும் என்னம்மா நிற்கிறாய்? சொல்.

யார் சொன்னது, டாக்டரா? வெளியாட்கள் போகக் கூடாது என்று எஸ்.ஐ. சொன்னாரா? ஓ.

அவனா.

போய்விட்டாள். "இனி நீங்க உள்ள வர வேணாம்னு சொல்லச் சொன்னாருங்க, வீட்டுக்கும்" என்கிறாள். கேட்டீர்கள் அல்லவா? கோபமாகச் சொல்லவில்லை. பால் வேண்டாம் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போகிறாள். மருந்து. வலிக்கு ஊசி போடுகிறார்கள், அது மூளையைக் குழப்பும். எனக்குத் தெரியும். வாக்குமூலத்தின்போது குழம்பவில்லையா? அது மனப்பாடம், அது வேறு.

இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உட்காருங்கள்.

நீங்கள் இப்போது உள்ளே போவீர்கள் அல்லவா, மச்சானுக்குச் சாப்பாடு கொடுக்க? உங்களிடம் பாஸ் இருக்கிறது. பக்கத்துக் கட்டில்தானே. அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? தோழர் செங்கோடன் அவர்களுக்கு என்று ஆரம்பியுங்கள். இல்லை, அது கடிதத்துக்கு. வையாபுரி அண்ணன் சொல்லச் சொன்னார், நீ காட்டிய உறுதி... வேண்டாம். அது கூட்டத்துக்கு. எருமையை நான் ஆள் வைத்துக் கறக்கச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். இரண்டு நாளாக யாரோ கறந்திருப்பார்கள், இல்லையா? கறந்திருப்பார்கள்.

ஒன்று செய்யுங்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள். அவ்வளவுதான். ஜீப்பில் அதற்கு நேரம் இருக்கவில்லை. அதற்கு முன்னால், பல் போனபோது, நோட்டீஸ் வேலை இருந்தது.

நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். பக்கத்துக் கட்டில்காரர் நீங்களாகவே கேட்பதுபோல் கேளுங்கள். என்ன சொல்கிறான் என்று மட்டும் வந்து சொல்லுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.